வேலியோரம் ஒரு பன்னீர் ரோஜா

கறுப்புப் பாலித்தீன் பையில் ஒரு முழ உயரச் செடி, அதன் நுனியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பூ. மினி வேனில் வந்து தெருமுனையில் நிற்கும் இந்த ரோஜாவை விலை கேட்காமல் தாண்டிப் போகிறவர்கள் குறைவு. தை மாதம் வாங்கி வைத்தால் மாசியில் இன்னும் இரண்டு பூ கொடுக்கும். பங்குனியில் இலை சுருளும். சித்திரையில் நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கும். அக்னி நட்சத்திரம் முடியும்போது தொட்டியில் குச்சிதான் மிச்சம். இப்படி இரண்டு முறை ஆனதும், அன்னவாசல் மாதிரியான வெயில் ஊரில் ரோஜா வராது என்று வீட்டுக்காரர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் அன்னவாசல் இருக்கும் அதே புதுக்கோட்டைச் சீமையின் பழைய வீடுகளில் கிணற்றடியிலோ துணி துவைக்கும் கல்லின் ஓரத்திலோ ஒரு பன்னீர் ரோஜாப் புதர் நிற்பதுண்டு. அதற்கு யாரும் மருந்து அடிப்பதில்லை, உரக்கடைப் பக்கம் அதற்காகப் போவதும் இல்லை. ஆனாலும் அது வருடா வருடம் பூக்கிறது. மண் இரண்டு செடிக்கும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். வேறுபாடு செடியில் இருக்கிறது. இந்த அத்தியாயம் இரண்டாவது செடியைப் பற்றியது.

எந்தச் செடி, எதற்காக

வண்டியில் வரும் பெரும்பூச் செடிகளில் மிகுதி 'ஹைபிரிட் டீ' வகை. பிரான்சின் லியோன் நகரத்து கியோ 1867-ல் வெளியிட்ட 'லா பிரான்ஸ்' அந்த வகையின் முதல் செடியாகக் கருதப்படுகிறது. அதற்கு முன்பே தோட்டங்களில் இருந்த வகைகளைப் பழந்தோட்ட ரோஜாக்கள் என்று பிரிப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஹைபிரிட் டீ பூ அழகுதான். ஆனால் கவாத்து, உரம், மருந்து மூன்றையும் நாள் தவறாமல் கேட்கும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே அது செழிக்கிறது. சமவெளியின் செம்மண்ணில் அதே செடி திணறுகிறது.

பழைய வகைகளில் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு நன்றாகப் பழகியது எட்வர்ட் ரோஜா. உதிரிப்பூச் சாகுபடிக்கு ஏற்றவையாக ஆந்திர சிவப்பு ரோஜாவையும் இதையும்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு சொல்கிறது. இளஞ்சிவப்பு நிறம், நல்ல மணம், தளர்ந்த இதழ்கள். சந்தையில் 'பன்னீர் ரோஜா' என்று கேட்டால் இதைக் கொடுப்பதுண்டு, டமாஸ்க் இனச் செடியைக் கொடுப்பதும் உண்டு. வீட்டு வேலிக்கு இரண்டும் சரி.

எட்வர்டின் பிறப்பே ஒரு வேலியில்தான். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அப்போது பூர்போன் என்று பெயர். டமாஸ்க் ரோஜாவையும் சீன ரோஜாவையும் அங்கே வயல் வேலியாகச் சேர்த்து நட்டிருந்தார்கள். இரண்டும் தாமாகக் கலந்து முளைத்த ஒரு கன்று எதுவார் என்பவரின் நிலத்தில் இருந்தது. அந்தப் பெயர் இங்கே எட்வர்ட் ஆகிவிட்டது. 1817-ல் தீவுக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பிரெயோன் அதன் விதையைப் பாரிசுக்கு அனுப்ப, 'பூர்போன்' ரோஜாக்கள் என்ற ஒரு குலமே உருவானது. வெப்பத் தீவில், உப்புக் காற்றில், கவனிப்பார் இல்லாமல் பிறந்த செடி என்பதால் அன்னவாசல் வெயில் அதற்குப் புதிதல்ல.

வெப்ப நாட்டுக்கு வெப்ப நாட்டு ரோஜா என்ற இந்த வழியைக் கொடைக்கானலில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர் எம்.எஸ். வீரராகவன். ஆட்சிப் பணியிலிருந்து விலகி ரோஜா வளர்ப்பில் இறங்கியவர். ஐரோப்பியக் குளிருக்கான செடிகளையே திரும்பத் திரும்பக் கலப்பதை விட்டு, 'ரோசா கிளினோஃபில்லா' போன்ற இந்தியக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு புது வகைகளை உருவாக்கினார். அமெரிக்காவின் டெக்சாஸில் இன்னொரு கூட்டம் உண்டு. பழைய கல்லறைத் தோட்டங்களிலும் பாழடைந்த வீடுகளிலும் யாரும் கவனிக்காமல் உயிரோடிருக்கும் ரோஜாக்களைத் தேடிக் குச்சி வெட்டி வந்து வளர்ப்பதே அவர்கள் வேலை. கவனிப்பில்லாமல் பிழைத்ததே அவர்களுக்கு நற்சான்று. அன்னவாசலில் தொடங்குகிறவர்களும் அதையே செய்யலாம். ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவைப் பார்த்து ஆசைப்பட்டுச் செடி தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தக் குளிர் இங்கே கிடைக்காது.

தாய்ச்செடியைத் தேடுதல்

கடையில் வாங்குவதைவிட, உறவிலோ அக்கம்பக்கத்திலோ ஐந்தாறு வருடம் நின்று பூக்கும் புதரைக் கண்டுபிடிப்பது மேல். கேட்டால் குச்சி கொடுக்காத வீடு அபூர்வம். தாய்ச்செடியிடம் பார்க்க வேண்டியவை:

1. கோடையில் போய்ப் பாருங்கள். வைகாசியில் பாதி இலையாவது பச்சையாக நிற்கும் செடிதான் வேண்டும். மார்கழியில் எல்லா ரோஜாவும் அழகுதான்.
2. அடித்தண்டைப் பாருங்கள். ஒட்டுக்கட்டின் முடிச்சு இல்லாமல் மண்ணுக்குள்ளிருந்தே பல தண்டுகள் கிளம்பியிருந்தால் அது சொந்த வேரில் நிற்கும் செடி.
3. தண்டில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ செதில்கள் அப்பியிருந்தால் அந்தக் கிளையைத் தவிருங்கள். செதில் பூச்சி குச்சியோடு கூடவே வந்துவிடும்.

சொந்த வேர் ஏன் முக்கியம்? ஒட்டுச் செடியின் அடிப்பாகம் வேறு ஒரு ரோஜா. மேலே உள்ளது வெயிலில் வாடும்போது ஒட்டுக்குக் கீழிருந்து காட்டுத் தளிர் கிளம்பும். பச்சையாக வளர்கிறதே என்று விட்டுவிட்டால் ஒரே வருடத்தில் அது முழுச் செடியையும் எடுத்துக்கொள்ளும். 'சிவப்பு ரோஜா வெள்ளையாகிவிட்டது' என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். சொந்த வேர்ச் செடி தரை வரை காய்ந்தாலும், துளிர்த்தால் அதே பூவைத்தான் தரும்.

பதியன்: ஆடியில் தொடங்குவது

எட்வர்டின் கிளைகள் நீளமானவை, தரைவரை வளைபவை. அதனால் மண் பதியன் மிக எளிது, தோற்பதும் குறைவு.

1. ஆடி மாதம், ஒரு வருடம் முற்றிய, வளையும் கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.
2. மண்ணில் படும் இடத்தில் ஒரு கணுவுக்குக் கீழே, அடிப்பக்கமாகப் பட்டையை ஒரு விரற்கடை நீளத்துக்குச் சீவுங்கள். கிளை முறியக் கூடாது. பாதி ஆழத்துக்கு மேல் கத்தி போகக் கூடாது.
3. நான்கு விரல் ஆழப் பள்ளத்தில் எருக் கலந்த மண் போட்டு, சீவிய இடத்தை உள்ளே பதித்து மூடுங்கள். நுனி ஒரு சாண் வெளியே நிற்கட்டும்.
4. மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். கிளையும் எழாது, அடியில் ஈரமும் காயாது.
5. எட்டு வாரம் கழித்துக் கிளையை மெல்ல இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்திருந்தால் வேர் விட்டிருக்கிறது. தாய்ப்பக்கம் வெட்டிவிட்டு, உடனே தோண்டாமல் இன்னும் பத்து நாள் அங்கேயே விட்டு வையுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் கன்று தயார். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நட்டுவிடலாம்.

குச்சி: புரட்டாசியில் வெட்டுவது

நிறையச் செடி வேண்டுமென்றால் குச்சிதான் வழி. கவாத்தில் வெட்டிப்போடும் கிளைகளே போதும்.

1. பூத்து முடிந்த, பென்சில் கனமுள்ள கிளையிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டுகளை வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு கணுவாவது இருக்க வேண்டும்.
2. அடிப்பக்கம் கணுவை ஒட்டிச் சாய்வாக, மேல்பக்கம் நேராக. எது தலை, எது கால் என்ற குழப்பம் இதனால் வராது.
3. மேலே இரண்டு இலை தவிர மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள்.
4. மணலும் செம்மண்ணும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு மறையும்படி ஊன்றி, சுற்றி மண்ணை விரலால் அழுத்துங்கள். இந்தக் கட்டத்தில் எரு வேண்டாம், அழுகும்.
5. வேப்பமர நிழலில் வையுங்கள். அடிப்பாகம் வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்து மூடினால் ஈரப்பதம் நிற்கும். மூடி திறந்தே இருக்கட்டும்.

இரண்டு வாரத்தில் துளிர் வரும். இதை நம்பி ஏமாறுகிறவர்கள் பலர். குச்சிக்குள் சேர்ந்திருக்கும் சத்திலேயே முதல் துளிர் வந்துவிடும், வேர் அப்போது இருக்காது. ஆறு வாரம் வரை பிடுங்கிப் பார்க்காதீர்கள், வெயிலுக்கு நகர்த்தாதீர்கள். கற்றாழைச் சாறு, தேன், இலவங்கப்பட்டைப் பொடி என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். முற்றிய குச்சியும் மாறாத ஈரமும் இருந்தால் எட்வர்டுக்கு இவை தேவையில்லை. பத்து ஊன்றினால் பத்தும் பிழைக்காது. வேண்டியதைப் போல இரண்டு மடங்கு ஊன்றுங்கள்.

குச்சிக் கன்றை அடுத்த கோடையில் தரையில் விடுவது ஆபத்து. பையிலேயே நிழலில் வைத்திருந்து, மறு புரட்டாசியில் நடுங்கள்.

இடமும் குழியும்

ரோஜாவுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் போதும், அது காலை வெயிலாக இருக்கட்டும். மேற்குப் பார்த்த சுவரை ஒட்டி நடுவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சுவர் இரவிலும் கக்கும். கிழக்கு வேலிதான் நல்ல இடம். மரத்தின் வேர் ஓடும் இடத்தையும் தவிருங்கள்.

அன்னவாசல் பக்கம் மண் பல இடங்களில் சரளை கலந்த செம்மண். மேலே ஓர் அடி பதமாக இருக்கும், அதற்குக் கீழே கடப்பாரை 'டங்' என்று எழும்பும். அந்த இடத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செடியை வைத்துவிடத் தோன்றும். வேண்டாம். வேருக்கு இறங்க வழி இல்லாவிட்டால் மழையில் அழுகும், கோடையில் வறளும்.

1. நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒன்றரை அடி நீள, அகல, ஆழக் குழி எடுங்கள். மேல்மண்ணை ஒரு பக்கம், அடிச்சரளையை மறுபக்கம் குவியுங்கள்.
2. குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அடியைக் கடப்பாரையால் இன்னும் உடையுங்கள். அதற்கும் வடியவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள், அல்லது ஓர் அடி உயர மேடை கட்டி அதில் நடுங்கள்.
3. குழியைக் காய விடுங்கள்.
4. மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுஉரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். சரளையைத் திரும்பப் போடாதீர்கள்.
5. மாலையில் நடுங்கள். சொந்த வேர்க் கன்றைப் பையில் இருந்த அதே மட்டத்தில் வையுங்கள். ஒட்டுச் செடியாக இருந்தால் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு அங்குலம் நிற்க வேண்டும்.
6. வேலியாக வளர்க்க ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். இரண்டு வரிசை என்றால் வரிசைக்கு வரிசை இரண்டு மீட்டர்.

எச்சரிக்கை: தொழுஉரம் என்பது மக்கிய எரு. பச்சைச் சாணத்தைப் போட்டால் சூடும் ஏறும், வேரைத் தின்னும் வெள்ளைப் புழுவும் கூடவே வரும். கையில் எடுத்தால் உதிர வேண்டும், நாற்றம் இருக்கக் கூடாது.

கன்றைச் சுற்றி முதல் வருடம் ஒரு கூண்டு வேண்டும். முள் இருக்கிறதே, ஆடு தொடாது என்று நினைக்க வேண்டாம். இளந்தளிரில் முள் மெத்தென்றுதான் இருக்கும், ஆடு அதைத்தான் முதலில் கடிக்கும். விராலிமலை மயிலுக்குப் பேர்போனது. அந்தப் பக்கத்து ஊர்களில் மயில் வந்து மண்ணைக் கிளறுவதையும் கணக்கில் வையுங்கள்.

தண்ணீர்

தினமும் சாயங்காலம் குழாயைப் பிடித்து இலை நனைய ஒரு தெளி. செடி மேல் அன்பு வைத்தவர்கள் செய்யும் தவறு இது. மேல்மண் மட்டும் நனைவதால் வேர் மேலேயே படர்ந்து சித்திரையில் வேகும். இரவெல்லாம் ஈரமாக இருக்கும் இலையில் கரும்புள்ளி நோய் வரும்.

நட்ட முதல் மாதம் மழையில்லாத நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பிறகு வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு குடம், அடியில் மெதுவாக. இரண்டாம் வருடத்திலிருந்து கோடையில் மட்டும் இந்தக் கணக்கு. மற்ற மாதங்களில் வாரம் ஒரு முறை போதும். விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள், இரண்டு அங்குலம் கீழே ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். மழைக்காலத்தில் அந்த உப்பு கரைந்து இறங்கிவிடும் என்பதால், பாத்தியில் மழைநீர் நின்று இறங்க வழி செய்யுங்கள். சுத்திகரிப்பு எந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை மட்டும் ரோஜாவுக்குத் திருப்பாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மூடாக்கு அவசியம். காய்ந்த இலை, வைக்கோல், நிலக்கடலைத் தோல் எதுவானாலும் மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். ஆனால் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் வெறுமையாக இருக்கட்டும். செம்மண்ணில் கரையான் அதிகம், காய்ந்த மூடாக்கு வழியே நேராகத் தண்டுக்கு ஏறிவிடும். மூடாக்கைக் கிளறும்போது வெறுங்கையை விடாமல் முதலில் குச்சியால் தட்டுங்கள். அடியில் தேள் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம்.

கவாத்தும் வளைத்துக் கட்டுதலும்

வருடத்துக்கு ஒரு கவாத்து, அக்டோபர் முதல் வாரத்தில். ஹைபிரிட் டீயை முழங்கால் உயரத்துக்கு ஒட்ட வெட்டுவதைப் பார்த்து எட்வர்டையும் அப்படி வெட்டிவிடாதீர்கள். இதற்கு மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும்.

1. காய்ந்தது, நோயுற்றது, ஒன்றோடொன்று உரசுவது, இவை முதலில்.
2. மீதியில் வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே கால் அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டுங்கள்.
3. வெட்டு முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு இருந்தால் இன்னும் கீழே போங்கள், வெள்ளை தெரியும் வரை. நுனியிலிருந்து இறங்கும் கருகலை நிறுத்த வேறு வழியில்லை.
4. கனமான வெட்டுகளில் போர்டோ பசை தடவுங்கள்.
5. ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.
6. செடிக்கு 10 கிலோ தொழுஉரம் வையுங்கள். ஜூலையில் இன்னொரு தடவை.

நிமிர்ந்து நிற்கும் நீண்ட கிளை நுனியில் மட்டும்தான் பூக்கும். அதே கிளையை வேலிக் கம்பியில் படுக்கை வசமாக வளைத்துக் கட்டினால் ஒவ்வொரு கணுவும் விழித்து ஒரு சிறு கிளை விடும், ஒவ்வொன்றின் நுனியிலும் மொட்டு. உரமூட்டை செய்யாததை ஒரு முழம் சணல் செய்துவிடும். ஒரே நாளில் வளைக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். பிளாஸ்டிக் கயிறு தண்டை அறுக்கும், சணலோ கிழிந்த பருத்தித் துணியோ நல்லது.

பூச்சி, மருந்து, முள்

அசுவினி தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். செதில் பூச்சியைப் பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்த்து எடுங்கள். கோடையில் மொட்டு பழுத்துக் கருகி விரியாமல் நின்றால் இலைப்பேன். அந்த மொட்டுகளைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். தேவைப்பட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசலோடு, வெயில் இறங்கிய பிறகு. கரும்புள்ளி மழைக்காலத்தில் கொஞ்சம் வரும், போகும். விழுந்த இலைகளைப் பொறுக்கிவிட்டால் பழைய வகைகள் தாமே மீளும்.

பால், சர்க்கரையோடு போட்ட டீத்தூளைச் செடியடியில் கொட்டுவது எறும்பு வளர்ப்புக்கு உதவும். அலசிக் காயவைத்துப் போட்டால் கெடுதல் இல்லை. முட்டை ஓடு கரைவதற்குள் செடியே கிழமாகிவிடும்.

இலை முழுக்க மஞ்சளாகிக் காரணம் புரியவில்லை என்றால் இலையோடு கூடிய கிளை ஒன்றையும் ஒரு கைப்பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். பக்கத்தில் குடுமியான்மலையில் வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது, வம்பனில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உரக்கடையில் அறிகுறியை வாயால் சொல்லி மருந்து வாங்குவதைவிட இது மலிவு. இரசாயன மருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அதைத் தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், வாங்கிய புட்டியிலேயே பூட்டி வையுங்கள். மருந்து அடித்த செடியின் இதழை குல்கந்துக்கோ பன்னீருக்கோ எடுக்கவே கூடாது.

முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவி, முள்ளை முழுதாக எடுங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரிடம் டிடி ஊசி பற்றிக் கேளுங்கள். மண்ணிலும் முள்ளிலும் வாழும் ஒரு பூஞ்சை காயத்துக்குள் போவதுண்டு. குத்திய இடத்தில் சில வாரம் கழித்து வலியில்லாத கட்டி வந்து புண்ணானாலோ, கையில் மேல்நோக்கி வரிசையாகக் கட்டிகள் எழுந்தாலோ ரோஜா முள் குத்திய விவரத்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கவாத்தின்போது முழங்கை வரை மறைக்கும் தடித்த கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வளைத்த கிளை கைநழுவினால் முகத்தில்தான் அடிக்கும்.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு

புதர் அடர்ந்து உள்ளே காற்றோட்டம் குறையும். ஒவ்வொரு கவாத்திலும் மிகப் பழைய, பட்டை வெடித்த இரண்டு தண்டுகளைத் தரையோடு எடுத்துவிடுங்கள். அந்த இடத்திலிருந்து புதுத் தண்டு கிளம்பும். சொந்த வேர்ச் செடி என்பதால் காட்டுத் தளிரோ என்ற பயம் இல்லை.

வெட்டிய முள்கிளைகளைக் குப்பைத்தொட்டியில் திணிக்காதீர்கள், அள்ளுகிறவர் கையைக் கிழிக்கும். நோயில்லாதவற்றைக் கீரைப் பாத்தியின் மேலோ புதுக் கன்றைச் சுற்றியோ பரப்பிவிட்டால் கோழி கிளறாது, மயிலும் ஒதுங்கும். ஓரிரு மாதத்தில் காய்ந்து முள் கெட்டியாகிவிடும் என்பதால், குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் பக்கம் வேண்டாம்.